குழு கலைந்தபின் முதலில் முதலிடம் பிடிப்பவர் யார்? ஏன்?

நொய்யல்கரையான், பேரூர்

இசைக்குழு ஒன்று கலைந்தபின் யாருடைய தனிப்பாடல் முதலில் தரவரிசையின் உச்சிக்குப் போகிறது என்பதை வைத்து, அந்தக் குழுவின் உண்மையான பலம் யாரிடம் இருந்தது என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கம் நம் இழைகளில் பெருகிவிட்டது. இந்த அளவுகோல் பீட்டில்ஸ் குழுவிடமே உடைந்துபோகிறது என்பது என் கருத்து.

1970 ஏப்ரலில் குழு பிரிந்த செய்தி வெளியானபோது, அடுத்த முதலிடம் பால் மெக்கார்ட்னிக்கு அல்லது ஜான் லெனனுக்கு என்றுதான் யாரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவிலும் 1971 ஜனவரியில் இங்கிலாந்திலும் உச்சியைத் தொட்டது ஜார்ஜ் ஹாரிசனின் 'மை ஸ்வீட் லார்ட்'. பின்னணிக் குரல்களில் ஹரே கிருஷ்ண நாமமும் 'குருர் பிரம்மா' சுலோகமும் ஒலிக்கும் அந்தப் பாட்டு மேலைநாட்டு வானொலிகளில் அந்த அளவுக்கு ஓடியது. மெக்கார்ட்னிக்கு அமெரிக்க முதலிடம் 1971இல் வந்தது. டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் 1973இன் இறுதியில் ஒருமுறையும் 1974 ஜனவரியில் மறுமுறையும் முதலிடம் பிடித்தார். லெனனுக்கு 1974 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நால்வரில் அவரே கடைசி.

இதற்கு என் விளக்கம் இதுதான். லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியவை குழுவின் ஆல்பங்களை நிரப்பிவிட்டதால், ஹாரிசனுக்குப் பெரும்பாலும் ஆல்பத்துக்கு ஒன்றிரண்டு பாடல்களுக்கே இடம் கிடைத்தது. பங்காளிகளின் கூட்டுக் கிணற்றில் முறைத் தண்ணீருக்கு நிற்கும் இளையவரைப் போல அவர் நின்றிருந்தார். குழு கலைந்ததும் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' என்று மூன்று இசைத்தட்டுகள் கொண்ட ஆல்பமாக அத்தனையும் வெளியே வந்தது. அதில் 'இஸ்ன்ட் இட் எ பிட்டி' 1966இலேயே குழுவிடம் கொடுத்து ஒதுக்கப்பட்ட பாடல். தலைப்புப் பாடலையோ 1969 ஜனவரியில் குழுவே ஒத்திகை பார்த்துவிட்டுக் கைவிட்டிருந்தது. ஆகவே முதலில் முதலிடம் பிடிப்பவர் குழுவில் பெரியவர் அல்லர், அதிகம் காக்கவைக்கப்பட்டவர் என்கிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

காதர்பேட்டை வாசி, திருப்பூர்

அண்ணா, விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பீட்டில்ஸ் தவிர வேறெங்கும் பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

நான் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் இருப்பவன். வெளிநாட்டு ராக் குழுக்களின் படம் போட்ட பனியன்களைத்தான் நாள் முழுவதும் பார்க்கிறேன். காதர்பேட்டைக்கு வரும் ஏற்றுமதி மிச்சச் சரக்கைக் கிளறினாலும், நாக்கு நீட்டிய உதடும் கறுப்புப் பின்னணியில் முக்கோணமுமாகக் குழுக்களின் சின்னங்கள்தாம் திரும்பத் திரும்பக் கையில் அகப்படும். குழுவை விட்டு வெளியேறிய ஒருவரின் தனி முகம் அபூர்வம். இதற்குத் தொழில் காரணமும் உண்டு. சின்னத்துக்கு ஒன்றிரண்டு ஸ்கிரீன் போதும், ஆனால் முகத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரித்து அச்சிட நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வேண்டும். இருந்தாலும் வாங்குபவர்கள் குழுவுக்காகத்தான் வாங்குகிறார்கள் என்பதும் உண்மை.

ஆகையால் பிரிந்து போனவருடைய முதல் பாட்டுக்குக் கிடைக்கும் முதலிடம் பழைய குழுவின் ரசிகர்கள் கொடுக்கும் சீர் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஒன் டைரக்‌ஷன் குழுவைப் பாருங்கள். 2015 மார்ச்சில் முதலில் வெளியேறிய ஜெய்ன் மாலிக்கின் 'பில்லோடாக்' அடுத்த ஆண்டு வெளிவந்தவுடனேயே அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடத்தில் நுழைந்தது. அந்தக் குழு ஒன்றாக இருந்த காலத்தில் அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் ஒருமுறைகூட முதலிடம் பிடித்ததில்லை. 2013இல் இரண்டாம் இடம் வரைதான் போனது. குழுவால் முடியாததை வெளியே வந்தவர் முதல் பாட்டிலேயே செய்தார், ஆனால் அந்த உயரத்தை அவர் மறுபடி எட்டவில்லை. அதே குழுவின் ஹாரி ஸ்டைல்ஸோ 2020இல்தான் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். 2022இல் 'ஆஸ் இட் வாஸ்' பாடலால் 15 வாரங்கள் அங்கே உட்கார்ந்துவிட்டார். முதலில் வந்தது யார் என்பதைவிட, எத்தனை வாரம் நின்றது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பீளமேட்டுக் குயில், கோவை

காதர்பேட்டை அண்ணா சொன்னதற்கு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு எங்கள் தலைமுறையிடம் இருக்கிறது. பிடிஎஸ் குழுவின் ஜிமின் 2023 ஏப்ரலில் 'லைக் கிரேஸி' பாடலால் ஹாட் 100 பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தார். கொரியத் தனிக் கலைஞர் ஒருவருக்கு அது முதல்முறை. அடுத்த வாரமே அந்தப் பாட்டு 45ஆம் இடத்துக்கு இறங்கியது. ரசிகர்கள் ஒருங்கிணைந்து முதல் வாரத்தில் பதிவிறக்கம் செய்து வாங்கினால் என்ன நடக்கும் என்பதை அது காட்டுகிறது. நான் அந்த ரசிகர்களில் ஒருத்தி என்பதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. குழு கலையவும் இல்லை. ஆனால் தனிப்பாடலை உச்சிக்குத் தூக்கியது குழுவின் ரசிகர்கள் என்பது மாறாது.

நொய்யல்கரை ஐயாவிடம் ஒரு கேள்வி. டெஸ்டினிஸ் சைல்ட் குழுவில் பியான்சேவுக்கு முன்பே முதலிடம் கண்டவர் கெல்லி ரோலண்ட். ராப் பாடகர் நெல்லியுடன் அவர் பாடிய 'டிலெம்மா' 2002இல் 10 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. பியான்சேயின் 'கிரேஸி இன் லவ்' 2003இல்தான் அங்கே போய் 8 வாரங்கள் நின்றது. உங்கள் காத்திருப்புக் கணக்கு இதற்குப் பொருந்துகிறது. ஆனால் 'டிலெம்மா' நெல்லியின் ஆல்பத்துப் பாட்டு, கெல்லி அதில் விருந்தினர். அந்த முதலிடத்தை யார் பெயரில் எழுதுவீர்கள்?

நொய்யல்கரையான், பேரூர்

அம்மணி, தட்டின்மேல் இரண்டு பெயர் இருந்தால் இருவர் கணக்கிலும் எழுதுவதுதான் நியாயம். பெயர் எழுதுவதே வியாபார முடிவாகப் போன கதைகளும் உண்டு. 'கேர்லெஸ் விஸ்பர்' இங்கிலாந்தில் 1984இல் ஜார்ஜ் மைக்கேலின் தனிப்பாடலாக வெளிவந்தது. அதே ஒலிப்பதிவு அமெரிக்காவில் வாம் குழுவின் பெயரோடு சேர்த்து வெளியாகி 1985இல் முதலிடம் பெற்றது. குழுவின் மற்றோர் உறுப்பினரான ஆண்ட்ரூ ரிட்ஜ்லியும் அதை எழுதியவர்களில் ஒருவர். ஒரு கரையில் தனி வெற்றி, மறு கரையில் குழு வெற்றி!

சேர்வராயன், ஏற்காடு

இரு கரைகள் என்று பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். தரவரிசை என்று பொதுவாகச் சொல்லும்போது எதை எண்ணுகிறார்கள் என்பதை இளையவர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் பட்டியல் 1952இல் தொடங்கியது முதல் நெடுங்காலம் விற்ற தட்டுகளை மட்டுமே எண்ணியது. இணையத்தில் கேட்பதைச் சேர்த்துக்கொண்டது 2014இல்தான். 1958இல் தொடங்கிய அமெரிக்க ஹாட் 100, விற்பனையோடு வானொலி ஒலிபரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டது. 1998 டிசம்பர் வரை கடையில் சிங்கிளாக, அதாவது தனித் தட்டாக, விற்கப்படாத பாட்டு, வானொலியில் எவ்வளவு ஓடினாலும், அந்தப் பட்டியலுக்குள் நுழைய முடியாது. ஆகவே ஒரே பாடகர் ஒரு நாட்டில் வெற்றியாளராகவும் மறு நாட்டில் வெறுங்கையராகவும் தெரிவதில் வியப்பு ஒன்றுமில்லை.

இரட்டையராகப் பாடிய சைமன், கார்ஃபங்கல் இருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் பால் சைமன். 1970இல் உலகெங்கும் ஒலித்த 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்டு வாட்டர்' பாடலைத் தனிக்குரலில் பாடியவர் ஆர்ட் கார்ஃபங்கல். பிரிந்தபின், எழுதத் தெரிந்தவர் பிழைப்பார், குரல் மட்டும் உள்ளவர் தேய்வார் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. அமெரிக்காவில் அப்படித்தான் ஆனது: 1976இல் சைமனுக்கு ஒரு முதலிடம் கிடைத்தது, கார்ஃபங்கலுக்கு ஒன்றுமில்லை. இங்கிலாந்திலோ தலைகீழ். கார்ஃபங்கல் 1975இல் 1930களின் பழைய பாட்டு ஒன்றைப் பாடி முதலிடம் பிடித்தார். 1979இல் முயல்களைப் பற்றிய அனிமேஷன் படத்துக்காக மைக் பேட் எழுதிய 'பிரைட் ஐஸ்' பாடலால் 6 வாரங்கள் அங்கேயே இருந்தார். அந்த ஆண்டில் அந்த நாட்டில் மிக அதிகமாக விற்ற சிங்கிளும் அதுதான். சைமனுக்கு அங்கே தனிப்பாடலில் கிடைத்த மிக உயர்ந்த இடம் 4. 1986இல் 'யூ கேன் கால் மீ அல்' பெற்றது அது. தனக்குப் பொருந்தும் பாட்டை யார் எழுதினாலும் தேடிப் பிடிப்பதும் ஒரு திறமைதானே.

வால்பாறை மழை

சேர்வராயன் ஐயாவின் கணக்கைப் படித்தபின் சொல்வதற்குச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது என்றாலும், ஜெனிசிஸ் குழு இல்லாமல் இந்த இழை நிறையாது.

பாடகராகவும் மேடையில் அக்குழுவின் முகமாகவும் இருந்த பீட்டர் கேப்ரியல் 1975இல் வெளியேறினார். டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த பில் காலின்ஸ், புதுப் பாடகரைத் தேடி அலுத்துப்போன குழுவின் வேண்டுகோளால் முன்னால் வந்து பாடினார். பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு, 1986 ஜூலையில், ஜெனிசிஸ் தன் வரலாற்றில் ஒரே ஒருமுறை அமெரிக்க முதலிடத்தைப் பிடித்தது. 'இன்விசிபிள் டச்' என்ற அந்தப் பாட்டை ஒரே வாரத்தில் கீழே இறக்கியது கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹேமர்'. விட்டுப் போனவர், தான் விட்டுப் போன குழுவையே உச்சியிலிருந்து தள்ளினார். காலின்ஸ் தனியாகவே அங்கே 7 முறை முதலிடம் கண்டவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே குழுவிலிருந்து இப்படி இரு திசையிலும் வெற்றி போனது அரிது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. காலின்ஸின் தனி அடையாளமான அந்த டிரம்ஸ் ஒலி, கேப்ரியலின் மூன்றாவது தனி ஆல்பத்துக்காக லண்டன் டவுன்ஹவுஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்தது. உள்ளே வாசிப்பவர்கள் பேசுவது ஒலிப்பதிவாளருக்குக் கேட்பதற்காக அறையின் மேலே ஒரு மைக் தொங்கும். மெல்லிய பேச்சையும் உரக்கக் காட்டுவதற்காக அதில் கடுமையான கம்ப்ரெஸ்ஸர் இணைக்கப்பட்டிருக்கும். காலின்ஸ் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தபோது அந்த மைக் திறந்திருந்ததால், அறையின் முழக்கம் எல்லாம் பெருகி வந்தது. ஒலிப்பதிவாளர் ஹியூ பாட்கம் அதன் வாலை, ஒலி தணிந்ததும் அடைத்துவிடும் நாய்ஸ் கேட் என்ற கருவி கொண்டு சட்டென்று வெட்டினார். முழக்கம் பெரிதாக எழுந்து, மறு கணம் சுவடின்றி நின்றுபோகும். 1981இல் 'இன் தி ஏர் டுநைட்' பாடலின் நடுவில் டிரம்ஸ் விழும் இடத்தில் நாம் கேட்பது அதுதான். கேப்ரியலின் ஒலிப்பதிவில், பாட்கமின் கையில் கிடைத்ததைத்தான் காலின்ஸ் தன் வெற்றியாக ஆக்கிக்கொண்டார். இதில் காத்திருந்தவர் யார், ரசிகர் சீர் கொடுத்தது யாருக்கு?

காதர்பேட்டை வாசி, திருப்பூர்

அந்தப் பாட்டு இங்கிலாந்தில் முதலிடம் பெறவில்லையே அண்ணா. இரண்டாம் இடத்தோடு நின்றது.

வால்பாறை மழை

ஆம் தம்பி, அதை முதலிடத்துக்குப் போகவிடாமல் மறித்தது லெனனின் 'வுமன்'. 1980 டிசம்பர் 8 அன்று லெனன் சுட்டுக்கொல்லப்பட்ட பின் வந்த வாரங்கள் அவை. இழவு வீட்டோடு யார் போட்டி போட முடியும்?

நொய்யல்கரையான், பேரூர்

அந்த வாரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1971இல் வெளியான 'இமேஜின்' இங்கிலாந்தில் சிங்கிளாக வந்ததே 1975இல்தான். அப்போது 6ஆம் இடம். அது முதலிடம் பெற்றது 1981 ஜனவரியில். ஹாரிசன் 2001 நவம்பரில் மறைந்தபின் 'மை ஸ்வீட் லார்ட்' மறுபடி வெளியிடப்பட்டு 2002 ஜனவரியில் இரண்டாம் முறை முதலிடம் வந்தது. அது இறக்கிவிட்ட பாட்டின் பாடகி ஆலியாவும் அதற்கு முந்தைய ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்தவர். குவீன் குழுவின் ஃபிரெடி மெர்குரி 1985இல் வெளியிட்ட தனிப்பாடல் இங்கிலாந்தில் 50ஆம் இடம் வரைதான் போனது. அவர் மறைந்து, புதிதாக ரீமிக்ஸ் செய்யப்பட்டு, 1993இல் முதலிடம் பெற்றது. இத்தகைய இடங்களைத் திறமைக் கணக்கில் சேர்க்காமல் தனியே எழுதிவைப்பதே முறை.

பீளமேட்டுக் குயில், கோவை

முதலிடத்தை விடுங்கள் ஐயா. ஸ்டிங் பாடிய 'இங்கிலிஷ்மேன் இன் நியூயார்க்' 1988இல் அவர் சொந்த நாட்டில் 51ஆம் இடத்தில் நின்றது. இன்று அவருடைய பழைய குழுவான போலீஸின் பெயரையே அறியாத என் விடுதித் தோழிகளுக்கும் அந்தப் பாட்டு தெரியும். அவருக்குக் கிடைத்த ஒரே அமெரிக்க முதலிடமோ பிரையன் ஆடம்ஸ், ராட் ஸ்டூவர்ட் இருவரோடும் சேர்ந்து பாடிய படப்பாட்டு.

சென்னிமலைச் செல்வி, ஈரோடு

எல்லோருடைய பதிவுகளையும் படித்துவிட்டு வருகிறேன். நீங்கள் அனைவரும் உள்ளே இருந்தபோது யார் என்ன செய்தார் என்றே பார்க்கிறீர்கள். வெளியே வந்தபின் யாரோடு சேர்ந்தார் என்று பார்த்தால் பாதி வழக்குத் தீர்ந்துவிடும்.

டேக் தட் குழுவே இதற்குப் போதும். அதன் பாடல்களில் பெரும்பகுதியை எழுதியவர் கேரி பார்லோ. ராபி வில்லியம்ஸ் 1995இல் விலகினார், 1996இல் குழு கலைந்தது. அதே ஆண்டு பார்லோவின் முதல் தனிப்பாடல் முதலிடம் பெற்றது. வில்லியம்ஸின் முதல் பாட்டு இரண்டாம் இடம். நொய்யல்கரை அண்ணாவின் கணக்குப்படி காக்கவைக்கப்பட்ட வில்லியம்ஸ் அல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? வந்தவர் குழுவில் எல்லா உரிமையும் பெற்றிருந்தவர். அதன்பின் நடந்ததைப் பாருங்கள். வில்லியம்ஸுக்கு கை சேம்பர்ஸ் என்ற இசைக்கலைஞர் எழுத்துத் துணையாகக் கிடைத்தார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய 'ஏஞ்சல்ஸ்' 1997 இறுதியில் வெளிவந்து 4ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை என்றாலும், மாதக்கணக்கில் விற்று, ஓய்ந்துகிடந்த ஆல்பத்தையே முதலிடத்துக்குத் தூக்கிவிட்டது. 1998இல் 'மில்லேனியம்' வில்லியம்ஸின் முதல் முதலிடம். பார்லோவின் தனிவாழ்க்கையோ சில ஆண்டுகளில் சரிந்து, குழு மறுபடி கூடிய பின்னரே 2006இல் எழுந்தது.

மைக்கேல் ஜாக்சனும் அப்படித்தான். ஜாக்சன் 5 குழுவில் இருந்துகொண்டே 1972இல் 'பென்' பாடலால் தனி முதலிடம் பெற்ற சிறுவருக்கு, அடுத்த தனி முதலிடத்துக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. இடையில் வந்த தனி ஆல்பங்களைப் பெரிதாகப் பேசுவார் இல்லை. 1978இல் வெளிவந்த படம் ஒன்றில் நடிக்கப் போன இடத்தில் இசைத் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸோடு பழக்கமானார்; 1979இல் 'ஆஃப் தி வால்', 1982இல் 'திரில்லர்'. அதே குரல்தான், ஆனால் ஒலிப்பதிவு மேசைக்குப் பின்னால் இருந்தவர் வேறு.

லெனனின் 1974 முதலிடத்தையும் இதே கண்ணோடு பார்க்கலாம். 'வாட்எவர் கெட்ஸ் யூ த்ரூ தி நைட்' பாடலில் பியானோ வாசித்து உடன் பாடியவர் எல்டன் ஜான். அது முதலிடம் வரும் என்று எல்டன் சொல்ல, வந்தால் உன் மேடையில் ஏறுகிறேன் என்று நம்பிக்கையில்லாத லெனன் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் காப்பாற்ற 1974 நவம்பர் 28 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஏறி மூன்று பாடல்கள் பாடினார்.

நொய்யல்கரையான், பேரூர்

தங்கை சொன்னது கனமான வாதம். ஹாரிசனின் ஆல்பத்தையும் அவரோடு சேர்ந்து தயாரித்தவர் ஃபில் ஸ்பெக்டர்தான் என்பதை நீங்கள் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனாலும், ஸ்பெக்டர் வந்தபோது ஹாரிசனிடம் பல ஆண்டுப் பாடல்கள் கையிருப்பில் இருந்தன. கையிருப்பு இல்லாதவருக்குத் துணை கிடைத்தென்ன பயன்?

காதர்பேட்டை வாசி, திருப்பூர்

நம் பக்கத்திலிருந்து ஒருவரைச் சேர்க்க அனுமதியுங்கள். கேரளத்தின் தைக்குடம் பிரிட்ஜ் குழுவின் வயலின் கலைஞர் கோவிந்த் வசந்தா, 2018இல் '96' படத்தின் இசையால் தமிழ்நாடு முழுவதும் தெரிந்தவரானார். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் அந்தக் குழுவைக் கேட்டிருந்தவர்கள் சிலர்தாம். '96' பாடல்களைக் கேட்காதவர் இல்லை. நமக்கு, ஹாட் 100 வெளியிடும் பில்போர்டு இதழுக்கு இருப்பது போல, நெடுங்காலப் பட்டியல் இல்லாததால் இதை இலக்கத்தில் நிறுவ முடியாது. ஆனால் அவரைக் கொண்டுவந்து சேர்த்தது குழுவின் ரசிகர் கூட்டம் அன்று, திரைப்படம் என்ற வேறொரு கூட்டணி. செல்வி அக்காவின் பக்கமே தராசு சாய்கிறது.

சேர்வராயன், ஏற்காடு

கையிருப்பா, துணையா என்பதை ரிங்கோவை வைத்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும். அவரிடம் ஹாரிசனைப் போல ஒதுக்கப்பட்ட பாடல்களின் மூட்டை இல்லை. நால்வரில் மிகக் குறைவாக எழுதியவர் அவர். அவருக்கு 1973இல் முதலிடம் தந்த 'ஃபோட்டோகிராஃப்' ஹாரிசனோடு சேர்ந்து எழுதியது. அடுத்த முதலிடமான 'யூ ஆர் சிக்ஸ்டீன்' வேறொருவர் முன்பே பாடி வெற்றி பெற்ற பழைய பாட்டு. அதில் மெக்கார்ட்னியின் பங்கும் உண்டு. இரண்டும் இடம்பெற்ற 'ரிங்கோ' ஆல்பத்தின் முதல் பாட்டை எழுதிக் கொடுத்தவர் லெனன். பிரிந்துபோய், நீதிமன்றம் வரை போன நால்வரும், ஒரே பாட்டில் சேராவிட்டாலும், அந்த ஒரு ஆல்பத்தில் பங்கெடுத்தார்கள். அதற்குத் தயாரிப்பாளர் ரிச்சர்ட் பெர்ரி.

சென்னிமலைச் செல்வி, ஈரோடு

இதைத்தான் ஐயா சொல்ல வந்தேன். 2025 ஜனவரியில், 84 வயதில், ரிங்கோ 'லுக் அப்' என்று ஒரு கன்ட்ரி இசை ஆல்பம் வெளியிட்டிருக்கிறார். தயாரித்தவர் டி போன் பர்னெட். பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியதில் பர்னெட்டின் கை இருக்கிறது. நொய்யல்கரை அண்ணா அதைக் கேட்டுவிட்டு, அது யாருடைய கையிருப்பு என்று சொல்லட்டும்.